அசையாத ஈ: தூக்கமா, மயக்கமா? கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் பழ ஈயைக் கொண்டு சோதிக்க முழுமையான வழிகாட்டி

பழ ஈ தூங்குகிறது என்பதை 2000-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே காட்டின. அவை வைத்த அளவுகோல்கள் இன்றும் மாறவில்லை. ஈ அசையாமல் இருக்க வேண்டும். எழுப்பினால் எழ வேண்டும், ஆனால் விழித்திருக்கும்போது போதுமானதைவிட வலுவான தூண்டல் தேவைப்பட வேண்டும். தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் ஈடுகட்டித் தூங்க வேண்டும். இந்த மூன்றில் கருவி நேரடியாகக் கணக்கிடுவது முதலாவதை மட்டுமே. ஐசோஃப்ளூரேன் என்னும் மயக்க வாயுவில் கிடக்கும் ஈயும் அசையாது, கால் தசை பழுதான ஈயும் அசையாது, அகரில் ஒட்டிச் செத்ததும் அசையாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இவற்றைப் பிரித்தறிவதற்காகத்தான்.

முதலில் வெப்பநிலை

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைகள் அறை வெப்பம் 22 டிகிரி என்று எடுத்துக்கொண்டு பேசும். கோலாலம்பூரில் மாலை ஆறு மணிக்குக் கட்டடத்தின் குளிர்சாதனம் நின்றால், அதே அறை இரவுக்குள் 29, 30 டிகிரிக்குப் போகும். சூடாக்க மட்டும் தெரிந்த இன்குபேட்டர் இங்கே பயன்படாது. குளிரூட்டும் வசதியும், பகல் இரவு விளக்கு நேரக் கட்டுப்பாடும் கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். 25 டிகிரி, 60 முதல் 70% ஈரப்பதம், 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருள் என்பது வழக்கமான அமைப்பு.

இதில் கருமித்தனம் காட்டினால் விளைவு மூன்று இடங்களில் தெரியும். ஒன்று, 30 டிகிரியில் தொடர்ந்து வளரும் ஆண் ஈக்கள் மலடாகும். இரண்டு தலைமுறையில் வளர்ப்புக் கூட்டமே அழிந்துபோகும். இரண்டு, வெப்பம் கூடினால் ஈயின் பகல் தூக்கம் நீளும், இரவுத் தூக்கம் குலையும். அந்த மாற்றத்தை மரபணுவின் விளைவு என்று எழுதிவிடுவது எளிது. மூன்றாவதுதான் மிகவும் விஷமமானது. நரம்பணுக்களைத் தூண்டப் பலரும் டிரிப்-ஏ1 என்னும், சூட்டில் திறக்கும் புரத வாயிலை ஈயில் ஏற்றுகிறார்கள். 21, 22 டிகிரியில் அது மூடியிருக்கும், 29-இல் நன்றாகத் திறக்கும். குளிர்சாதனம் நின்ற அறையின் மேசையில் அந்தக் குப்பிகளை ஓர் இரவு விட்டால், சோதனை தொடங்கும் முன்பே, புழுப் பருவத்திலேயே, அந்த நரம்பணுக்கள் வேலை செய்யத் தொடங்கிவிடும். இத்தகைய ஈக்களை 21 டிகிரியில் வளர்த்து, இன்குபேட்டரை விட்டு வெளியே எடுக்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 18 டிகிரியில் முட்டை ஈயாக ஏறத்தாழ 19 நாள் ஆகும். 25-இல் 10 நாள். காலத்திட்டத்தை அதற்கேற்பப் போடுங்கள்.

இன்குபேட்டருக்கும் கணினிக்கும் யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். மாலை இடிமழையில் ஒரு நொடி மின்சாரம் போய் வந்தாலே சில இன்குபேட்டர்களின் விளக்கு நேரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பகலும் இரவும் இடம் மாறியது மூன்று நாள் கழித்து வரைபடத்தைப் பார்க்கும்போதுதான் தெரியவரும். உள்ளே வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பதியும் சிறு பதிவி ஒன்றைத் தனியே வையுங்கள். இன்குபேட்டரின் முகப்பில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

ஈ வரவழைப்பது

சௌக்கிட் சந்தையில் அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் ஈக்களைப் பிடித்து வேலையைத் தொடங்க முடியாது. அதில் பல இனங்கள் கலந்திருக்கும். டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர்தான் என்று கண்ணால் பார்த்து உறுதி சொல்வது கடினம். மரபுப் பின்னணி தெரிந்த ஈக்கள் இந்தியானாவிலுள்ள புளூமிங்டன் சேமிப்பு மையத்தில் கிடைக்கும். கட்டுப்பாட்டு ஈக்களுக்கு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சாதாரண ஈக்களுக்கு, கான்டன்-எஸ் அல்லது ஐசோ31 வகை போதும். இறக்குமதிக்கு முன்பே அனுமதி எடுக்க வேண்டும். மரபணு மாற்றம் செய்யப்பட்ட ஈ என்றால் உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2007-இன் கீழ், உங்கள் பல்கலைக்கழகத்தின் உயிர்ப் பாதுகாப்புக் குழு வழியே அறிவிக்கவும் வேண்டும். விண்ணப்பத்தில் அறிவியல் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். இங்கே விவசாயத் துறையினருக்குப் பழ ஈ என்றால் மாம்பழத்தையும் கொய்யாவையும் துளைக்கும் பாக்ட்ரோசெராதான். அந்தப் பூச்சியை யாரும் எளிதில் உள்ளே விடமாட்டார்கள்.

வந்த ஈக்களைத் தனி அறையில் இரண்டு தலைமுறை வைத்து, உண்ணி இல்லை என்று பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். ஈரமான இந்த ஊரில் உண்ணி ஒரு குப்பியில் ஏறினால் மொத்த அலமாரிக்கும் பரவும்.

மரபணு மாற்றிய வரிசைகளை ஐசோ31-உடன் 5 அல்லது 6 தலைமுறை கலந்து பின்னணியைச் சமப்படுத்துவது சலிப்பான வேலைதான். ஆனாலும் தூக்க ஆய்வில் அதைத் தவிர்க்க முடியாது. பின்னணி மாறினாலே தூக்கம் ஒன்றிரண்டு மணி நேரம் மாறிவிடும்.

வளர்ப்பு உணவும் குழாய் உணவும்

வளர்ப்பு உணவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு: அகர் 8 கிராம், மக்காச்சோள ரவை 65 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 15 கிராம், சர்க்கரை 80 கிராம். முதலில் அகரைத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கரையுங்கள். மற்றவற்றைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, 15 நிமிடம் கிளறிக்கொண்டே வேகவிடுங்கள். 60 டிகிரிக்கு இறங்கியதும் புரோப்பியோனிக் அமிலம் 4 மி.லி., எத்தனாலில் 10% கரைத்த மெத்தில் பாராபென் 10 மி.லி. சேர்த்து, குப்பிக்கு 8 முதல் 10 மி.லி. ஊற்றுங்கள். சூட்டிலேயே சேர்த்தால் அமிலம் ஆவியாகிப் போகும். மூன்றாம் நாள் பூஞ்சை வரும்.

மளிகைக் கடையில் தெப்போங் ஜாகுங் என்று கேட்டால் பெரும்பாலும் வெள்ளை வெளேரென்ற சோள மாவுச்சத்துதான் கொடுப்பார்கள். அது வேண்டாம், கொழகொழவென்று ஆகி ஈக்களை ஒட்டவைக்கும். மஞ்சள் நிற ரவை பதத்தில் அரைத்தது வேண்டும். பலகாரத்துக்கு விற்கும் அகர்-அகர் தூளில் சர்க்கரையோ வாசனையோ கலந்திருக்கலாம். ஆய்வுக்கூடத் தர அகர் வாங்குவது நல்லது. ஊற்றிய குப்பிகளை ஆறும்வரை மெல்லிய துணியால் மூடுங்கள். இல்லாவிட்டால் சன்னல் வழியே வரும் காட்டு ஈக்கள் முட்டையிட்டுப் போகும்.

சோதனைக் குழாய்க்கு வேறு உணவு: 100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் அகர், 5 கிராம் சர்க்கரை. இந்தக் குழாய்கள் 5 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட கண்ணாடிக் குழாய்கள். கட்டாகச் சேர்த்து ஒரு பீக்கரில் நிற்கவைத்து, உருகிய அகரை ஒரு செ.மீ. உயரத்துக்கு ஊற்றி உறையவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக உருவித் துடைத்து, உணவு உள்ள முனையை உருகிய பாரஃபின் மெழுகில் முக்கி அடையுங்கள். உணவுக்கும் மெழுகுக்கும் நடுவே காற்றுக் குமிழி இருந்தால் அந்தக் குழாயைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு நாளில் அகர் சுருங்கி நகரும். ஈரப்பதம் 80% தாண்டினால் குழாயின் உட்சுவரில் நீர்த்துளி படிந்து ஈ ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த குழாய்களை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறப்பது இதைப் பாதி குறைக்கும்.

தூக்கத்தை அளப்பது

அமெரிக்காவின் டிரைகைனெடிக்ஸ் நிறுவனம் செய்யும் டாம் மானிட்டர் (ஈயின் அசைவை எண்ணும் கருவி) ஒன்றில் 32 குழாய் பொருந்தும். ஒவ்வொரு குழாயின் நடுவிலும் ஓர் அகச்சிவப்புக் கதிர். ஈ அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு எண்ணிக்கை. நிமிடத்துக்கு ஒரு முறை கணினியில் பதிவு செய்யுங்கள். தொடர்ந்து 5 நிமிடம் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் தூக்கம் என்பது நடைமுறை விதி.

இதில் ஓட்டை உண்டு. உணவருகே நின்று தின்னும் ஈயும், ஓரிடத்தில் நின்று உடம்பைத் துடைக்கும் ஈயும் கதிரைக் கடப்பதில்லை. டாம் அவற்றையும் தூக்கத்தில் சேர்க்கும். கேமராவால் தொடரும் முறையே நுட்பமானது. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி கொண்டு இயங்கும் எத்தோஸ்கோப் என்ற கேமராக் கருவியின் வடிவமைப்பு 2017-இல் வெளியானது; அதை நீங்களே கட்டலாம். அகச்சிவப்பு எல்இடி, ரிலே, அதிர்வு மோட்டார் போன்றவை புடு வட்டாரத்து ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். பணம் குறைவு என்றால் டாம் ஒன்றில் நிறைய ஈக்களைப் பார்த்து, முக்கியமான முடிவை மட்டும் கேமராவில் சரிபாருங்கள்.

3 முதல் 5 நாள் வயதான ஈக்களைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் ஆண் ஈக்கள் வசதி. புணர்ந்த பெண் ஈக்கள் பகலில் குறைவாகத் தூங்கும். அதோடு அவை இடும் முட்டை பொரித்துச் சில நாளில் புழுக்கள் குழாயெங்கும் ஊர்ந்து கதிரைக் கடக்கும். இரவு முழுவதும் ஓயாமல் நடக்கும் ஈ என்று தோன்றுவது சில நேரம் அந்தப் புழுதான். கன்னி ஈக்களே வேண்டுமென்றால், 25 டிகிரியில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள்.

பிரித்தெடுக்கக் கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்தினால் சில நிமிடங்களில் முடியுங்கள். அதன் பிறகு குறைந்தது 24 மணி நேரம், மயக்க மருந்துச் சோதனை என்றால் 48 மணி நேரம் விடுங்கள். மயக்க மருந்தை அளக்கப் போகும் ஈயை வேறொன்றால் மயக்கித் தொடங்குகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். குழாயில் ஏற்றும்போது வாயு வேண்டாம். வாயால் உறிஞ்சும் ஆஸ்பிரேட்டர் போதும். நடுவில் வடிகட்டி வையுங்கள்.

ஒரு வகைக்கு 32 ஈ, மூன்று தனித்தனிச் சுற்று என்று திட்டமிடுங்கள். எந்த நரம்பணு என்று தேர்ந்தெடுக்கும் கேல்4-ஐயும், அங்கே இயங்க வேண்டிய மரபணுவைத் தாங்கிய யூஏஎஸ்-ஐயும் சேர்த்த ஈக்கு இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும்: கேல்4 மட்டும் உள்ளது, யூஏஎஸ் மட்டும் உள்ளது. ஒன்றை விட்டால் முடிவை யாரும் ஏற்கமாட்டார்கள். ஒரே வகையை ஒரே மானிட்டரில் நிரப்பாமல் கலந்து வையுங்கள். இன்குபேட்டரின் மேல்தட்டும் கீழ்தட்டும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை.

முதல் நாள் தரவு பழகும் காலம், சேர்க்காதீர்கள். அடுத்த மூன்று நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 12 மணி நேரம் ஓர் அசைவும் இல்லாத குழாயைக் கண்ணால் பார்த்து, செத்திருந்தால் முழுவதும் நீக்குங்கள். மொத்தத் தூக்க நிமிடம், எத்தனை துண்டுகள், ஒரு துண்டின் சராசரி நீளம், விளக்கு அணைந்த பின் தூக்கம் வரப் பிடித்த நேரம் ஆகிய நான்கையும் பகல், இரவு எனப் பிரித்துக் கணக்கிடுங்கள். ஐந்தாவதாக, விழித்திருக்கும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை கதிரைக் கடந்தது என்ற எண். எங்கள் பார்வையில் மற்ற நான்கையும்விட முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு வகை ஈ அதிகம் தூங்குவதாகத் தெரிந்து, இந்த எண்ணும் சரிந்திருந்தால், அது நோயுற்றதோ நடக்க முடியாததோ ஆக இருக்கலாம். ஆண் ஈ நாளொன்றுக்கு 900 நிமிடம் தூங்குவது சாதாரணம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எழுப்பிப் பார்ப்பது

குழாய்த் தட்டின் அடியில் 3 வோல்ட் அதிர்வு மோட்டாரை ஒட்டுங்கள். வலிமையை 20, 40, 60, 80, 100% என ஐந்து நிலைகளில் மாற்றுங்கள். இரவில் மணிக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு நிலையை மாறி மாறிக் கொடுங்கள். அதற்கு முந்தைய 5 நிமிடம் அசையாதிருந்த ஈக்களை மட்டும் கணக்கில் எடுத்து, அடுத்த ஒரு நிமிடத்தில் எத்தனை எழுந்தன என்று பாருங்கள். தானாகவே எழுந்திருக்கக்கூடியவையும் அதில் இருக்கும். தூண்டாத நேரங்களில் எழுந்த விகிதத்தை அதிலிருந்து கழித்து, 1-இலிருந்து அதே விகிதத்தைக் கழித்ததால் வகுங்கள். தூண்டலில் 60%, தானாக 20% எழுந்தால் உண்மை மதிப்பு 0.40-ஐ 0.80-ஆல் வகுத்த 0.50.

தூக்கம் தொடங்கி 15 முதல் 30 நிமிடத்தில் ஈ எழுப்பக் கடினமாகிறது. ஆகவே எவ்வளவு நேரமாகத் தூங்கிய ஈ என்பதையும் பிரித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் ஆழத் தூக்கம் மறைந்துவிடும்.

தூக்கத்தைக் கெடுக்க, மானிட்டரை வோர்டெக்ஸ் ஆட்டியின்மேல் பொருத்தி, ஒவ்வொரு 20 நொடியிலும் ஏதாவது ஒரு தருணத்தில் 2 நொடி ஆட்டுங்கள். சீரான இடைவெளியில் ஆட்டினால் ஈ பழகிவிடும். இரவு 12 மணி நேரம் ஆட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் 6 மணி நேரத்தில் எவ்வளவு கூடுதலாகத் தூங்கியது என்று பாருங்கள். அது ஆட்டிய சோர்வா, தூக்கக் கடனா என்பதற்கு, ஈ விழித்திருக்கும் நேரத்தில் அதே அளவு ஆட்டிய கூட்டம் ஒன்றும் வேண்டும்.

மயக்க வாயுவுக்கான அமைப்பு

ஐசோஃப்ளூரேன் தீப்பற்றாது, கருவிகள் எளிதில் கிடைக்கும், அதிலேயே தொடங்குங்கள். பழைய நூல்களில் வரும் ஈதர் வெடிக்கும், ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுக்காதீர்கள். ஐசோஃப்ளூரேன் தனியாள் கடையில் வாங்கும் பொருள் அல்ல; பல்கலைக்கழக மருந்தகம் அல்லது விலங்கு ஆய்வுப் பிரிவு வழியே பெறுங்கள். திரவ மருந்தை ஆவியாக்கிக் காற்றில் கலக்கும் வேப்பரைசர் ஒவ்வொன்றும் ஒரே மருந்துக்கானது: ஐசோஃப்ளூரேனுக்கு ஊதா, செவோஃப்ளூரேனுக்கு மஞ்சள், ஹாலோத்தேனுக்குச் சிவப்பு. மாற்றி ஊற்றினால் செறிவு முற்றிலும் பிழையாகும். பழைய வேப்பரைசர் வாங்கினால் அளவுதிருத்தச் சான்றைக் கேளுங்கள்.

வரிசை இப்படி: காற்று உருளை, ஓட்டமானி, வேப்பரைசர், தண்ணீர்க் குடுவை, ஈ அறை, கரி வடிகட்டி. உருளைக் காற்று முழு உலர்வு. தண்ணீர்க் குடுவை இல்லாவிட்டால் பல மணி நேரச் சோதனையில் ஈ காய்ந்து சாகும், அதை மருந்தின் விளைவு என்று எண்ணிவிடுவோம். குடுவையை வேப்பரைசருக்கு முன் வைக்காதீர்கள், ஈரம் உள்ளே போய்க் கருவி கெடும். சிலிக்கோன் குழாய் இந்த மருந்தை உறிஞ்சிப் பிறகு மெல்லக் கக்கும். டெஃப்லான் குழாய் போடுங்கள்.

மருத்துவமனை வேப்பரைசரின் திருகு 0.5%-க்குக் கீழே நம்பத்தக்கதல்ல. ஈக்கோ அந்தக் கீழ்ப்பகுதிதான் முக்கியம். எனவே வேப்பரைசரை 1%-இல் நிறுத்தி, வெறுங்காற்றால் நீர்த்துக் கொடுங்கள்: நிமிடத்துக்கு 0.5 லிட்டர் மருந்துக் காற்றோடு 1.5 லிட்டர் வெறுங்காற்று கலந்தால் 0.25%. மொத்த ஓட்டம் எப்போதும் 2 லிட்டராகவே இருக்கட்டும். ஓட்டம் மாறினாலே ஈ விழிக்கும். வாயு அளவி ஒன்றை அறையின் வெளிவாயிலில் இணைத்து, உண்மைச் செறிவைப் பதியுங்கள்.

ஒரு லிட்டர் அறைக்கு 2 லிட்டர் ஓட்டம் என்றால், வாயு 99% மாற ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆகும். ஆனால் மெழுகாலும் பஞ்சாலும் அடைத்த டாம் குழாய்க்குள் அந்தக் கணக்கு செல்லாது. மயக்கச் சோதனைக்கு இரு முனையும் வலை போட்ட குழாய், அல்லது ஒவ்வொரு குழாய்க்கும் தனியே காற்று செலுத்தும் கிளைக்குழாய் அமைப்பு வேண்டும்.

கருவிகள் வரும்வரை முன்னோட்டம் பார்க்க ஒரு வழி உண்டு. 1 மி.லி. ஐசோஃப்ளூரேன் திரவம் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 195 முதல் 200 மி.லி. ஆவி தரும். ஆகவே ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் 50 மைக்ரோலிட்டரை வடிதாளில் விட்டு மூடினால் சுமார் 1%. ஆவி காற்றைவிட ஆறு மடங்கு கனம், அடியில் தங்கும். சிறு விசிறி வைத்துக் கலக்குங்கள். திரவம் ஈயின்மேல் படக் கூடாது.

கழிவு வாயு உங்கள் மூக்குக்குப் போகக் கூடாது. புகைபோக்கி அறைக்குள் வேலை செய்யுங்கள். கரி வடிகட்டியை ஒவ்வொரு முறையும் எடைபோட்டு, தயாரிப்பாளர் சொன்ன எடை ஏறியதும் மாற்றுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையில் இருக்க வேண்டாம்.

ஏறுமுகமும் இறங்குமுகமும்

செறிவை 0, 0.1, 0.2, 0.3, 0.4, 0.5, 0.6, 0.8, 1.0, 1.2% என்று ஏற்றி, அதே வழியில் இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் 15 நிமிடம் நிறுத்தி, முடிவில் அதிர்வு கொடுத்து, அசைந்தவற்றை எண்ணுங்கள். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. செலவாகும் திரவம் சுமார் 15 மி.லி. எல்லாச் சுற்றையும் விளக்கு எரிந்ததிலிருந்து ஒரே மணியில் தொடங்குங்கள். காலை, மாலைச் சுறுசுறுப்பு உச்சங்களில் ஒரு சுற்றும் நடுப்பகலில் இன்னொன்றும் நடத்தினால் ஒப்பிட முடியாது. வெறுங்காற்று மட்டும் செலுத்திய சுற்று ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

அசையாத ஈக்களின் விகிதத்தைச் செறிவுக்கு எதிராக வரைந்து, ஹில் வளைவு எனப்படும் எஸ் வடிவக் கோட்டைப் பொருத்துங்கள். பாதி ஈக்கள் மயங்கும் செறிவு ஏறுமுகத்தில் ஒன்றாகவும், இறங்குமுகத்தில் அதைவிடக் குறைவாகவும் வரும். அதாவது மயங்கிய ஈ, தான் மயங்கிய செறிவிலேயே எழுவதில்லை. மூளை தான் இருக்கும் நிலையைவிட்டு மாறத் தயங்கும் இந்தப் பண்பை, எலியிலும் ஈயிலும் ஒருசேரக் காட்டி, நரம்பு நிலைமம் என்று 2010-இல் பெயரிட்டார்கள். இரு வளைவுக்கும் இடையே உள்ள அகலம்தான் உண்மையில் சுவையான எண். அதை அளக்காமல் ஏறுமுகத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான். ஆனால் அறையிலிருந்து மருந்து மெதுவாக வெளியேறினாலும் இதே அகலம் போலியாகத் தோன்றும். ஒவ்வொரு படியையும் 30 நிமிடமாக நீட்டி ஒருமுறை பாருங்கள். அகலம் சுருங்கினால் குறை குழாயில் இருக்கிறது.

மறுநாள் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று எண்ணுங்கள். 0%-இலேயே அதிர்வுக்கு அசையாத ஈக்களைத் தொடக்கத்திலேயே நீக்கியிருக்க வேண்டும்.

முடிவை எப்படிப் படிப்பது

குறைவாகத் தூங்கும் ஈ மயக்க மருந்தை எதிர்க்கும், தூக்கத்தைக் கூட்டும் நரம்பணுக்களைத் தூண்டினால் எளிதில் மயங்கும் என்பது பல சோதனைகளில் வந்த போக்கு. ஷேக்கர் பொட்டாசியம் வாயிலில் பழுதானது, ஸ்லீப்லெஸ் மரபணுவில் பழுதானது, டோபமின் மீள்வாங்கியில் பழுதான ஃபூமின் ஆகியவை ஒப்பிடத் தகுந்த குறைதூக்க வகைகள். இதை வைத்து மயக்கமும் தூக்கமும் ஒன்று என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்சில் நரம்புச் செய்தியை வெளியிடும் இயந்திரத்தின் ஓர் உறுப்பான சின்டாக்சின்1ஏ-ஐ மாற்றினாலும் ஈ மருந்தை எதிர்க்கிறது. ஹாலோத்தேனை எதிர்க்கும் ஈக்களைத் தேடி 1990-இல் கண்டெடுத்த ஹார் வகைகள், நேரோ அப்டோமன் என்னும் சோடியம் கசிவு வாயிலைக் காட்டித்தந்தன. மனிதரில் அதன் இணை என்ஏஎல்சிஎன். மருந்து பல வாசல்களில் நுழைகிறது.

ஆகவே புதிய வகை ஒன்று எதிர்ப்புக் காட்டினால், உற்சாகப்படும் முன் அதன் விழிப்புநிலை அசைவு எண் கட்டுப்பாட்டுக்குச் சமமா, குழாய்களின் இடத்தை மாற்றிவைத்தாலும் எதிர்ப்பு தொடர்கிறதா, அதிர்வுக்குப் பதில் மேலே ஏறும் திறனை வைத்துச் சோதித்தாலும் அதே திசையில் வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவது பலருக்குத் தோல்வியாகவே முடிகிறது. ஒரு சோதனையில் எதிர்ப்பும் மற்றொன்றில் மிகையுணர்வும் காட்டும் வகைகள் உண்டு. அப்போது இரண்டையும் அப்படியே வெளியிடுங்கள். கால் தசையை ஆளும் நரம்புச் சுற்றும் விழிப்பை ஆளும் நரம்புச் சுற்றும் வேறு என்பதற்கு அதுவே தடயம்.

சோதனை முடிந்த மரபணு மாற்றிய ஈக்களையும் குப்பிகளையும் மைனஸ் 20 டிகிரியில் ஓர் இரவு உறையவிட்டு, பிறகு ஆட்டோகிளேவ் செய்தே (அழுத்த நீராவியில் வேகவைத்தே) குப்பையில் சேருங்கள். ஒரு ஜோடி சன்னல் வழியே தப்பினாலும் போதும். கீழ்த்தளத்து உணவுக்கடை வரை குடும்பம் நடத்தும்.